நம் வீட்டுக் கள்ளியும் கற்றாழையும்

சமயக் கட்டுரைகளும் ஆண்டறிக்கையும் இடம்பெறும் இம்மலரில் செடி வளர்ப்புக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுறக்கூடும். மலர்க் குழுவினரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். “ஐயா, கோயிலுக்கு வருகிறவர்கள் உங்களை நிறுத்தி வைத்துக் கேட்பதெல்லாம் தொட்டிச் செடியைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்றார்கள். பல்லாண்டுக் காலம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது செயற்குழுப் பணி போக மீதி நேரமெல்லாம் வீட்டுப் பின்கட்டில் தொட்டிகளோடுதான் கழிகிறது. ஆகவே மறுக்க வழியில்லை.

கேட்பவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறார்கள். பிரிஞ்சாங் பக்கத்துக் கடைகளில் உள்ளங்கை அளவுத் தொட்டியில் தாமரை மொட்டுப் போல இலையடுக்கு கொண்ட செடிகளும், சிவப்பும் மஞ்சளுமாக உருண்டைக் கள்ளிகளும் வரிசையாக வைத்திருப்பார்கள். ஆசைப்பட்டு வாங்கி, மடியில் வைத்துப் பத்திரமாகப் பினாங்குக்குக் கொண்டு வருகிறார்கள். ஒரு மாதத்திற்குள் அடித்தண்டு கறுத்து, இலைகள் கண்ணாடி போலாகி உதிர்ந்து விடுகின்றன. “தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினோமே ஐயா!” என்கிறார்கள்.

சிலருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டில் செடி பட்டுப்போவது கெட்ட சகுனமோ என்பது. கணவர் காலமான ஆண்டில் வாங்கிய தொட்டி என்பதால் ஓர் அம்மையார் கண்கலங்கியே கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அம்மா, அந்தச் செடி சகுனத்தால் போகவில்லை, தண்ணீரால் போனது. நம் ஊரில் இவ்வகைச் செடிகள் தாகத்தால் சாவது மிக அரிது. ஈரமும் இரவுப் புழுக்கமுமே அவற்றைக் கொல்கின்றன. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் கட்டுரையின் பாதி முடிந்தது.

எது கள்ளி, எது கற்றாழை?

இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, மழை பொய்த்தாலும் பிழைத்துக்கொள்ளும் செடிகளைச் சதைப்பற்றுள்ள செடிகள் என்கிறோம். இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல. சோற்றுக் கற்றாழை ஒரு குடும்பம். துவையலுக்கு ஆகும் பிரண்டை திராட்சைக் குடும்பம். பாம்பு போல் வரியோடிய மருள் வேறொரு குடும்பம். வறட்சி என்ற ஒரே தேர்வை எழுதி, வெவ்வேறு பள்ளியிலிருந்து தேறியவர்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

‘கள்ளி’ என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. சங்கப் புலவர்கள் பாலை நிலத்தில் பாடிய கள்ளி, கிள்ளினால் வெள்ளைப் பால் வடிகிற நம் பழைய கள்ளி. திருகுக்கள்ளியும், சீனர் வீட்டு வாசல்களில் காணும் முள்கிரீடப் பூச்செடியும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக் கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துக்குரிய காக்டஸ். கொலம்பஸ் அங்கே போய் வந்த பிறகுதான் அது நம் பக்கம் வந்தது. மிளகாய் வந்த கதையும் இதுவே. இரண்டையும் பார்த்து நம் முன்னோர் ஒரே பெயரிட்டுவிட்டார்கள். பெயர் ஒன்றானாலும் பழகும் விதம் வேறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரவில் மூச்சு வாங்கும் செடி

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. அப்படித் திறக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போய்விடும். வறண்ட நாட்டில் அது கட்டுப்படியாகுமா? ஆகவே இச்செடிகளில் பல, பகலில் கதவை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவைப் புளிப்பான அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் அதை எடுத்து உணவு தயாரிக்கின்றன.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகச் சேர்ந்தவர். ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் இலேசான கசப்பு. இதை வியந்து அவர் எழுதிய கடிதம் 1815-ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ரணகள்ளி என்றால் தெரியாதவர்களுக்கும் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றால் தெரியும். இலையைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரமெல்லாம் குஞ்சுச் செடி முளைக்குமே, அதுதான். (ஹெய்ன் மென்றார் என்று நீங்களும் மெல்ல வேண்டாம். இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப்பொருள் அதில் உண்டு. ஆடுமாடுகள் இதைத் தின்று மடிந்ததுண்டு.)

இதே உண்மையைப் படிக்காத பாட்டிமார்களும் அறிந்திருந்தார்கள். திருஷ்டிக்காகக் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாக வாசலில் கட்டுகிறோம். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பசுமையாக இருக்கிறது, சில வேளை புதுக்குருத்தும் விடுகிறது. அந்தக் கற்றாழையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிற நாம், கீழே தொட்டியில் இருக்கும் அதன் தங்கைக்கு நாள் தவறாமல் குவளை குவளையாக ஊற்றுகிறோம்!

கேமரன் வேறு, பினாங்கு வேறு

இரவுதான் இச்செடிகளுக்கு வேலை நேரம் என்றேன் அல்லவா? பிரிஞ்சாங், தானா ராத்தா போன்ற இடங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே இரவில் போர்வை வேண்டும். மெக்சிகோ மலைநாட்டிலிருந்து வந்த தாமரையடுக்குச் செடிகளுக்கு அது தாய்வீடு போல. ஜோர்ஜ்டவுனிலோ நள்ளிரவிலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றில் எப்போதும் ஈரம். புழுக்கமான இரவில் அச்செடி கதவைச் சரியாகத் திறப்பதில்லை. வேலை நின்றுபோன செடியின் காலடியில் தண்ணீர் தேங்கினால், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நம் மழையும் சாமானியமானது அல்ல. பினாங்கில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400 தான். ஜனவரி, பிப்ரவரியில் சற்று வறட்சி. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்த நாளில் வெளியே இருந்த தொட்டிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் தொடங்கிய நம் தாவரவியல் பூங்கா, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ஜாலான் கெபுன் பூங்காவிலேயே இருக்கிறது. மழைக்காட்டு மரங்களுக்குப் பேர்போன அந்தப் பூங்காவிலும் கள்ளி வகைகளைத் திறந்த வெளியில் விடாமல், அவற்றுக்கென்று தனிக் கூடம் அமைத்தே வளர்த்தார்கள். நாம் கற்க வேண்டியதும் அதுவே. வெளிச்சம் வர வேண்டும், மழை வரக்கூடாது. ஒளி ஊடுருவும் கூரைத் தகடு ஒன்று போதும்.

எதை வளர்க்கலாம்?

செடியைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதை வாங்கும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. நம் இரவைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு அது நம்மைத் தொந்தரவு செய்யாது.

முதலிடம் மருளுக்கு. மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பநாட்டிலிருந்து வந்த வரிமருளை மலாய்க்காரர்கள் லிடா ஜின் என்பார்கள். மாமியார் நாக்கு என்ற பெயரும் அதற்கு உண்டு (மாமியார்கள் மன்னிக்க). பழைய கடைவீட்டின் ஐந்தடி நிழலிலும், அடுக்குமாடியின் மங்கிய நடைக்கூடத்திலும் வாழக்கூடியது. ஆனால் இது காற்றைச் சுத்தப்படுத்தும், படுக்கையறையில் வைத்தால் நோயே வராது என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை வைத்துக் கிளம்பிய பேச்சு இது. அந்த ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டுக் காற்றில் அப்படி ஒரு பயனைப் பெற வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிவரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளிவந்த மறு ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. சன்னலைத் திறந்து வையுங்கள். மருளை அதன் அழகுக்காக வளருங்கள்.

அடுத்து, பாலைவன ரோஜா. அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்காவின் வெப்பநாடுகளே இதன் சொந்த ஊர் என்பதால் நம் இரவுச் சூடு இதற்குப் பொருட்டல்ல. முழு வெயிலில் வைத்தால் ஆண்டில் பலமுறை பூக்கும். பருத்த அடித்தண்டை மண்ணுக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி நட வேண்டும். முள்கிரீடமும் அப்படியே, மடகாஸ்கரிலிருந்து வந்தது, வெயிலை விரும்புவது. தாய்லாந்துக்காரர்கள் அதில் பெரிய பூ வகைகளை உருவாக்கி, எட்டுச் சீனத் தெய்வ முனிவர்களின் பெயரால் அழைக்கிறார்கள்.

கற்றாழையும் பிரண்டையும் நம் வீட்டுப் பிள்ளைகள். பிரண்டைக்கு ஏற ஒரு கம்பி வலை கொடுத்தால் போதும். துவையலுக்கு இளங்கொழுந்தையே கிள்ளுங்கள். முற்றியதில் ஊசி போன்ற நுண்படிகங்கள் மிகுதி, நாக்கு அரிக்கும். புளி சேர்த்து எண்ணெயில் நன்றாக வதக்கச் சொன்ன நம் பெண்களுக்கு வேதியியல் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சீனப் புத்தாண்டுக் காலத்தில் செல்வம் தரும் என்று விற்கப்படும் ஜேட் செடி மழையில் நனையாவிட்டால் நம் ஊரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதைப் போலவே இருக்கும் யானைத்தீனிச் செடி வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். இரண்டும் அருகருகே விற்பனைக்கு இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சிவப்புத் தலைக் கள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு செடி அல்ல, இரண்டு. மேலே இருக்கும் சிவப்பு உருண்டையில் பச்சையம் இல்லை. தனித்து வாழ முடியாது. கீழே இருக்கும் மூன்று பட்டைப் பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டி வைத்திருக்கிறார்கள். அத்தண்டு பெரும்பாலும் நாம் உண்ணும் டிராகன் பழக் கொடியின் இனம். சில ஆண்டில் உருண்டை வாடிப்போவது அதன் இயல்பு. யாருடைய கைராசியும் காரணமல்ல. அப்போது தண்டைத் தூக்கி எறியாமல் தரையில் நட்டுப் பாருங்கள், கொடியாக ஓடும். வேறு சில கள்ளிகளில் உச்சியில் காகிதம் போன்ற பூ இருக்கும். வாங்குமுன் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். பல நேரம் காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள்.

மண்ணும் நீரும்

கடையிலிருந்து வரும் தொட்டியில் பெரும்பாலும் தென்னைநார்த் தூளோ சதுப்பு நிலத் தூளோதான் இருக்கும். குளிர்ந்த மலையில் அது சரி. இங்கே பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவிடும். வீட்டுக்கு வந்த ஓரிரு வாரத்தில் செடியை எடுத்து, வேரைச் சுற்றிய தூளை மெல்ல உதறிவிட்டு, வேறு மண்ணில் நடுவது நல்லது. நம் நாட்டு நாற்றுக்கடைகளில் தானா பாக்கார் என்று சுட்ட மண் மூட்டையில் கிடைக்கும். அது ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சல்லியும் அடுப்புக் கரித்துண்டும் சேர்த்து ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் எண்ணி ஐந்து விநாடிக்குள் அடியில் வழிய வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். தைப்பூசத்திற்கு உடைத்த தேங்காய் மட்டைகளைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். ஆர்க்கிட்டுக்கு ஆகும், இவற்றுக்கு ஆகாது.

மண்தொட்டி உத்தமம், சுவர் வழியாகவும் ஈரம் போகும். பிளாஸ்டிக் தொட்டியாலும் குற்றமில்லை, அடியில் ஓட்டை இருந்தால். ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் நட்டுப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. திருமண வீட்டிலும் தருகிறார்கள். அது செடிக்கு நீர்ச்சிறை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது? நாள்கணக்குச் சொல்ல எனக்குத் தயக்கம். செடிக்கு நாட்காட்டி தெரியாது. சாத்தே குச்சி ஒன்றை எடுத்துத் தொட்டியின் அடிவரை குத்தி, கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் ஊற்றக்கூடாது. உலர்ந்து வந்தால், காலை வேளையில், அடியில் வழியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். பிறகு மறுபடி குச்சி உலரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். வறட்சி மாதங்களில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை என்று அமையலாம்; மழைக்காலத்தில் கூரைக்கடியில் இருக்கும் தொட்டி மூன்று வாரம்கூடத் தாங்கும். தெளிப்பானால் தினமும் புகை போல அடிப்பது இரண்டும் கெட்டான் வேலை. வேருக்கும் போகாது, இலையும் புண்ணாகும்.

இலைகள் இடைவெளி விட்டு, கழுத்து நீண்டு சன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். உடனே நண்பகல் வெயிலில் தூக்கி வைத்தால் தோல் கருகிவிடும். காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். அடுக்குமாடியில் கிழக்குப் பார்த்த மாடம் அமைந்தவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் மாடத்தின் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை வைக்கவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரை வாங்கிவிடும்.

அடித்தண்டு அழுகத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். சுத்தமான கத்தியால், உள்ளே பழுப்பு வளையம் சிறிதும் தெரியாத இடம்வரை அறுத்து, நல்ல மேற்பகுதியை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு உலர்ந்த மணலில் நடுங்கள். பிடித்துக்கொள்ளும்.

தொட்டித் தட்டில் இருக்கும் ஆபத்து

இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்க வைக்கும் தட்டு ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். டெங்கிக்கும் நம் பினாங்குக்கும் உறவு பழையது. இங்கே பரவிய டெங்கிக் காய்ச்சலைப் பற்றி ஸ்கே என்ற மருத்துவர் 1902-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். உயிருக்கே உலை வைக்கும் இரத்தக்கசிவு டெங்கி இந்த நாட்டில் முதன்முதலில் அறியப்பட்டதும் 1962-இல், பினாங்கில்தான்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இன்னொன்றையும் பலர் அறியமாட்டார்கள். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வது இதற்காகத்தான். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

நம் செடிகளுக்குத் தட்டே தேவையில்லை என்பது எவ்வளவு வசதி பாருங்கள்! தரை அழுக்காகும் என்று தட்டு வைத்தே ஆக வேண்டுமானால் விளிம்புவரை மணல் நிரப்பி விடுங்கள். ஊற்றிய தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும், கொசுவுக்கு இடமிராது. அண்டை வீட்டுக் குழந்தை ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு தட்டும் இல்லை.

பாலும் சாறும்

திருகுக்கள்ளி, முள்கிரீடம் ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சலோடு பார்வையும் சில நாள் மங்கக்கூடும். வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். பாலைவன ரோஜாவின் சாற்றை ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவினார்கள் என்றால் அதன் நஞ்சைச் சொல்ல வேண்டுமா? பேரப்பிள்ளைகள் தவழும் வீட்டில் அதை உயரத்தில் வையுங்கள்.

கற்றாழைச் சாறு குடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை வியாதி உள்ள அன்பர்கள் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் கற்றாழையைக் குடிப்பதாக என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கற்றாழை மடலை அறுத்தால் தோலுக்கும் சோற்றுக்கும் இடையிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். அதைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நம் வைத்தியத்தில் கரியபோளம், மூசாம்பரம் என்றெல்லாம் சொல்லப்படுவது. கடும் பேதி மருந்து அது. சுளுக்குக்குப் பற்றுப் போடவும் பயன்பட்டது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-இல் இதைப் பேதி மருந்தாகக் கடைகளில் விற்பதை நிறுத்தியது. மடல் முழுவதையும் அரைத்தெடுக்கும் சாற்றை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் சேர்த்திருக்கிறது. நம் பாட்டிமார் மடலைச் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடித்து, சோற்றை ஏழு தண்ணீரில் அலசியது வீண் சடங்கு அல்ல. கருவுற்ற பெண்கள் தொடவே வேண்டாம். மாத்திரையை நிறுத்துவது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது, கற்றாழையோடு அல்ல.

மாவுப்பூச்சி

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் சாராயக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து எடுத்தால் போதும். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். அலட்சியம் கூடாது. இப்பூச்சிக்கு உறவான கோச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. சப்பாத்திக் கள்ளி மட்டும் தென்னாட்டு வயல்வெளிகளில் பரவி நின்றது. கடைசியில், 1926-இல் இலங்கையிலிருந்து அதே இனத்துப் பூச்சி ஒன்றைக் கொண்டு வந்து விட்டபிறகுதான் அந்தக் காடு அழிந்தது. மனிதர்களின் அரிவாளுக்கு அடங்காததை ஒரு வெள்ளைப் பஞ்சு அழித்தது என்றால், நம் மூன்று அங்குலத் தொட்டி எம்மாத்திரம்?

மழையை விரும்பும் கள்ளி

இவ்வளவு நேரம் மழையை வசைபாடிவிட்டேன். மழையை விரும்பும் கள்ளியும் உண்டு. தென் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் மழைக்காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் கள்ளி அது. மலாயில் பாக்காவாலி. எம்.ஜி.ஆர். நடித்த 1955-ஆம் ஆண்டுப் படத்தில், தந்தையின் கண்பார்வைக்காக மகன் தேடிப் போவாரே ‘குலேபகாவலி’ என்ற பூ, அதே பெயர். நம்மவர் பலர் இதைப் பிரம்ம கமலம் என்கிறார்கள். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பூக்கும் வேறு செடி. பெயர் எதுவானாலும், பினாங்கு வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கள்ளியை நான் கண்டதில்லை.

இலை போல் தட்டையாக இருப்பது உண்மையில் தண்டு. அதில் ஒரு சாண் நறுக்கி, நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, ஆர்க்கிட்டுக்குப் போடும் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த தொட்டியில் செருகுங்கள். முற்பகல் வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். மழையில் நனையலாம், ஆனால் நீர் தேங்கக்கூடாது. இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால் தண்டின் ஓரத்திலிருந்து மொட்டு வளைந்து தொங்கும். மொட்டு மெல்ல நிமிர்ந்து பருத்தால் அன்றோ மறுநாளோ பூக்கும் என்று அறியலாம். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இதழ் விரியத் தொடங்கி நள்ளிரவில் முழுதாக மலரும். விடிவதற்குள் துவண்டுவிடும்.

நறுக்குத் தண்டு வேண்டுவோர் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு கோயில் அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பேன். வீட்டுக்குக் கொண்டு போனதும் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள்.